ஒதுக்கி வைத்த ஜோடி

சுவிட்சர்லாந்து
9.11.1986

அன்புள்ள சொர்ணம்,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெபமணி அக்காவும் சுகமாக இருக்கிறோம். உன் பல்வலி தீர்ந்ததா? கிராம்புத் தைலம் வைத்துச் சமாளிப்பதாக எழுதியிருந்தாய். பிடுங்கவேண்டியது என்றால் பிடுங்கிவிடு, தள்ளிப் போடாதே.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. முதல் வருஷம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். இது மூன்றாவது வருஷம். விடிந்ததும் மண்வெட்டியால் கடை வாசலை வழிக்கவேண்டுமே என்ற நினைப்புத்தான் வருகிறது.

இந்த சீசனில் எனக்குப் புது வேலை. இவ்வளவு நாளும் காலுக்கு ஒரு பலகை கட்டிச் சறுக்குகிறவர்களின் சாமான்களைத்தான் ரிப்பேர் பார்த்தேன். இப்போது இளவட்டங்கள் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி மலையிலிருந்து இறங்குகிறார்கள். பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக். உள்ளே கணுக்கால் அசையாது. அந்தப் பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கிற சாமானுக்கு பைண்டிங் என்று பெயர். காலுக்கு ஒரு தகடு இருப்பதால் நாங்கள் பிளேட் என்றே சொல்கிறோம்.

முதலாளி ப்ரூனோ பழைய மாதிரியில் சில ஜோடியும் புதிய மாதிரியில் சில ஜோடியும் வாங்கிப் போட்டு, "பொன்னு, ரெண்டையும் மாட்டிப் பாத்து எது யாருக்குத் தேவலைன்னு எழுதிக் குடு, வாடகைக்கு எடுக்க வர்றவுகளுக்குக் காட்டணும்" என்றார். அவர் பேசுவது ஜெர்மன். நான் நம் ஊர்ப் பேச்சில்தான் எழுதமுடியும்.

பழசு முழுக்க அலுமினியத் தகடு. முன்னால் ஒரு கம்பி வளையம், பின்னால் ஒரு கம்பி வளையம். குதிகாலைப் பின் வளையத்துக்குள் நுழைத்து, முன் வளையத்தைப் பூட்ஸ் மூக்கில் ஏற்றி, லீவரை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். தகட்டை நேராகப் பலகையில் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கும். காலைக் கொஞ்சம் திருப்பி வைக்கவேண்டுமென்றால்கூட எல்லாவற்றையும் கழற்றி வேறு துளை போடவேண்டும். புதுசில் அடித்தகடு கெட்டி பிளாஸ்டிக். நடுவில் ஒரு வட்டத் தட்டு. அதைத் தளர்த்தினால் எந்தக் கோணத்துக்கும் திருப்பிக்கொள்ளலாம். மிதித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பழசு துளிகூட வளையாது.

இதையெல்லாம் எனக்கு எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

மே மாதம் வருகிறேன். திரும்பும்போது உன்னோடுதான் திரும்புவேன். நீ இங்கே வந்து இருப்பதற்கான அனுமதிக்கு அக்கா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினைந்து வருஷம் இங்கே நர்ஸாக இருக்கிறவள், அவளுக்கு யாரைப் பார்க்கவேண்டும் என்று தெரியும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பொன்னுராஜ்

*

உத்தமபாளையம்
26.11.1986

அன்புள்ள அத்தானுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. ஒரு பக்கமாக மென்று சாப்பிடுகிறேன். மற்றபடி சௌக்கியம். உங்கள் முதுகுவலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மதினிதான் எழுதியிருந்தார்கள். பனி வழிக்க வேறு ஆள் கிடையாதா?

இங்கே அடைமழை. முல்லையாறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வீட்டில் இரண்டு இடத்தில் ஓடு ஒழுகுகிறது. வீட்டுக்கார ராவுத்தரிடம் சொன்னேன். "மழை விடட்டும்மா, ஆளை ஏத்துறேன்" என்றார். மழை விட்டால் ஒழுகாதே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அண்டாவை வைத்திருக்கிறேன்.

வக்கீல் சங்கரலிங்கம் ஐயா ஆபீசில் டைப் அடித்து அடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. கம்பம் ரோட்டில் லாரி மோதின கேஸ், திராட்சைத் தோட்டத்து வரப்புத் தகராறு, மறுபடியும் லாரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்கு உலை வைக்கவேண்டுமா என்று இருக்கிறது.

பிளேட்டைப் பற்றி முக்கால் காகிதம். ஊருக்கு வருவதைப் பற்றி மூன்று வரி. குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது, எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். விழுந்தால் அந்தப் பூட்ஸ் கழன்றுகொள்ளுமா? போன வாரம் கோர்ட் வாசல் சேற்றில் வழுக்கிவிட்டேன். செருப்பு ஒரு பக்கம் போய் விழுந்தது, அதனால் கால் தப்பித்தது. இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிவிட்டு மலையிலிருந்து இறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சொர்ணலதா

*

சுவிட்சர்லாந்து
14.12.1986

அன்புள்ள சொர்ணம்,

கடிதம் கிடைத்தது. கால் தப்பித்ததற்கு ஸ்தோத்திரம். முதுகுவலி பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கா தைலம் தேய்த்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில்: கழலாது. பழசிலும் கழலாது, புதுசிலும் கழலாது. காலுக்கொரு பலகை கட்டுகிறவர்களுக்கு விழுந்ததும் கழன்றுகொள்ளும் பிடி உண்டு. இதில் அப்படி வைக்கமுடியாது. விழும்போது இரண்டு காலும் ஒன்றாகக் கழன்றால் நல்லது. ஒரு கால் மட்டும் கழன்று மறுகால் மாட்டிக்கொண்டால், முழுப் பலகையும் அந்த ஒரு முழங்காலைப் போட்டு முறுக்கிவிடும். அதனால் இரண்டும் பூட்டியபடியே இருப்பதுதான் பாதுகாப்பு.

ரொட்டிக் கடைக்காரர் மகள் ரெகுலா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, இரண்டு மாதிரியையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்கிறாள். ஒப்பிட்டு எழுத எனக்கு அவள்தான் உதவி. நான் மலையில் நின்று சறுக்குகிற ஆள் இல்லையே. அவளுக்குப் பழசுதான் பிடிக்கிறது. "பழசுல நான் நெனச்சதும் பலகை திரும்புது. புதுசுல நான் நெனச்சு, அது கொஞ்சம் யோசிச்சுட்டுத் திரும்புது" என்றாள். அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். பழகியவர்களுக்குப் பழசு, பழகாதவர்களுக்குப் புதுசு என்று எழுதிக் கடையில் ஒட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் என் பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

பழசில் ஒரு ஜோடியை மட்டும் கழற்றி அலமாரியில் ஒதுக்கி வைத்துவிட்டேன். பின் வளையம் உட்காருகிற மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். ப்ரூனோவிடம் காட்டினேன். "சரி, அந்தப் பக்கமா வை" என்றார்.

கிறிஸ்மஸுக்குக் கடையில் கூட்டம் நெரியும். கோவிலுக்குக்கூடப் போகமுடியுமா தெரியவில்லை. உனக்கும் எல்லோருக்கும் பண்டிகை வாழ்த்துகள்.

உன்
பொன்னுராஜ்

*

உத்தமபாளையம்
29.12.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் மதினியும் பண்டிகையை நல்லபடியாகக் கழித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் தேனிக்குப் போய் மாமா வீட்டில் இருந்து, ஆராதனை முடிந்து, மறுநாளே திரும்பிவிட்டேன். போகிற இடத்தில் எல்லாம் "எப்ப அவுக வர்றாக, எப்ப நீ போற" என்றே கேட்கிறார்கள். சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது.

பாஸ்போர்ட் விஷயமாகத் திருச்சிக்குப் போய் வந்தேன். வரிசையில் நின்று கால் வீங்கிவிட்டது. கொடுத்துவிடுவார்கள் என்றுதான் தெரிகிறது.

இங்கேயும் இப்போது பனி. உங்கள் பனி இல்லை, மலையிலிருந்து இறங்குகிற வாடைக் காற்று. காலையில் பல் கிட்டுகிறது. அங்கே வந்து நான் எப்படித் தாங்கப்போகிறேனோ. கம்பளி நூல் வாங்கி ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த ரெகுலா சொன்னதைப் படித்துச் சிரித்தேன். நானும் பழைய டைப்ரைட்டரை விட்டுப் புதியதற்கு மாறியபோது அப்படித்தான் இருந்தது. என் சார்பில் அவளுக்குப் புதுவருஷ வாழ்த்துச் சொல்லுங்கள். நான் அங்கே வந்ததும் முதலில் பார்க்க நினைப்பது அவளைத்தான் என்றும் சொல்லுங்கள்.

சொர்ணலதா

*

சுவிட்சர்லாந்து
11.2.1987

அன்புள்ள சொர்ணம்,

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அக்காவும் நடமாடிக்கொண்டு இருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உனக்கு அனுமதி வந்துவிட்டது. அக்கா எழுதியிருப்பாள்.

குளிர் அதிகம். கடையில் வேலை குறைவு.

புதிய பிளேட்டைப் பற்றி முன்பு சரியாக எழுதவில்லை என்று நினைக்கிறேன். நல்ல சாமான். பின் வளையம் உட்காருகிற இடத்தில் தனியாக ஓர் இரும்புக் கட்டை வைத்திருக்கிறார்கள். பாரம் ஒரே மூலையில் விழாமல் பரவிவிடும். பிளாஸ்டிக் என்றாலும் இந்தக் குளிருக்கு வெடிக்காத ரகம். கோணம் மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். நடுத்தட்டின் ஸ்க்ரூவை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை இறுக்கிப் பார்த்துக்கொள்ளவேண்டும். குதிகாலை வைத்து மிதித்தாலே பூட்டிக்கொள்கிற மாதிரியும் அடுத்து வரப்போகிறதாம், குனியவே வேண்டாம். ப்ரூனோ பழசு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். இப்போது கடையில் பழசு ஒன்றுகூட இல்லை.

மே மாதம் வருவதை இப்போது உறுதியாகச் சொல்லமுடியவில்லை. காரணம் பிறகு எழுதுகிறேன்.

ஓடு மாற்றினார்களா?

உன்
பொன்னுராஜ்

*

உத்தமபாளையம்
25.2.1987

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ஓடு மாற்றவில்லை. மழை நின்றுவிட்டதால் ஒழுகவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புதுசைப் பற்றி அவ்வளவு இருக்கிறது. பழசு ஒன்றுகூட இல்லை என்று ஒரு வரி. ரெகுலாவைப் பற்றி அந்த ஒரு வரியும் இல்லை. நான் வாழ்த்துச் சொல்லச் சொன்னேன், சொன்னேன் என்றோ மறந்துவிட்டேன் என்றோ எழுதியிருக்கலாம். மதினியும் அனுமதி வந்த விஷயத்தை எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு எழுதவில்லை.

சங்கரலிங்கம் ஐயா கூண்டில் நிற்கிற சாட்சியைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்வார்: "கேட்டதுக்குப் பதில் சொல்லாம, கேக்காததை விஸ்தாரமாச் சொல்றான் பாரு, அங்கனதான் விஷயம் இருக்கு."

எனக்கு அலுத்துவிட்டது அத்தான். காத்திருப்பது அலுக்கவில்லை, அது பழகிப்போயிற்று. காரணம் பிறகு எழுதுகிறேன் என்று எழுதுகிறீர்களே, அதுதான் அலுத்துவிட்டது. என்ன ஆனாலும் எழுதுங்கள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

சொர்ணலதா

*

சுவிட்சர்லாந்து
14.3.1987

அன்புள்ள சொர்ணம்,

நானும் அக்காவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ரெகுலாவுக்கு இடது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள். கடையில் நிற்க இடமில்லை. ப்ரூனோ என்னைப் பலகைகளோடு மேலே கம்பிவண்டி நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அலமாரியில் நான் ஒதுக்கி வைத்த ஜோடி இல்லை. எங்கே என்று கேட்டேன். "ரெகுலா பழசுதான் வேணும்னா. மத்ததெல்லாம் வெளிய போயிருச்சு. நானே மாட்டிக் குடுத்தேன், ஒரு நாளைக்குத்தானே" என்றார். நான் ஓடிப்போய், மேலே போகிற அடுத்த வண்டியில் ஏறிக்கொண்டேன். எப்படியும் அவளைப் பிடித்துக் கழற்றச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வண்டி பாதி மலை போயிருக்கும். கீழே பார்க்கிறேன், சிவப்புச் சட்டை போட்ட மீட்பு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைப் பனியில் இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த வண்டியை நிறுத்தமுடியாது, இறங்கமுடியாது. உச்சி வரைக்கும் போய்த்தான் திரும்பவேண்டும். போனேன்.

பின்கால் பிளேட்டில் வளையம் மூலையோடு பிய்ந்து வந்துவிட்டது. முன்னால் இருந்த இடது கால் மட்டும் மாட்டிக்கொண்டு, முழுப் பலகையும் அதைப் போட்டு முறுக்கிவிட்டது. நீ கேட்டதற்கு என்ன பதில் எழுதினேனோ அதேதான் நடந்தது. ரத்தக் குழாய் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்று டூட்டியில் இருந்தது நம் அக்கா.

ஏப்ரல் மாதம் விசாரணை. ப்ரூனோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொய் சொல்லச் சொல்லல பொன்னு. பழைய மாதிரியை விடப் புதுசு பத்திரம்னு சொல்லு. பழகாதவுகளுக்குப் புதுசுதான் தேவலைன்னு நீயே எழுதி ஒட்டியிருக்க. அந்தப் பொண்ணு பழசையே கேட்டு வாங்குச்சு, அதுவும் நெசந்தானே. கீறலை மட்டும் விட்டுரு" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. நான் அப்படிச் சொன்னால் குற்றம் பழைய மாதிரியின் மேல் போகும். மிச்சம் அந்தப் பெண்ணின் மேல் போகும்.

எனக்கு இங்கே தங்க அனுமதி ப்ரூனோ கடையில் வேலை இருக்கிற வரைக்கும்தான். உன் அனுமதி என் அனுமதியோடு ஒட்டியது. இதற்கு மேல் என்ன எழுத.

உன்
பொன்னுராஜ்

*

சுவிட்சர்லாந்து
16.3.1987

அன்புள்ள சொர்ணத்துக்கு ஜெபமணி எழுதுவது,

நீ நல்ல சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே யாருக்கும் மனது சுகமில்லை.

தம்பி எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னான். அந்தப் பெண்ணை உள்ளே தூக்கி வந்தபோது பூட்ஸை வெட்டி எடுத்தது நான்தான். எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் போன கால் யார் என்ன சொன்னாலும் வரப்போவதில்லை. ப்ரூனோ கெட்டவர் இல்லை, புத்தியில்லாமல் செய்துவிட்டார். இவன் வாயைத் திறந்தால் இவனுக்கு வேலை போகும். அனுமதி போகும். நீ இங்கே வருவதும் போகும். அனுமதி வந்துவிட்டது என்று நான் எழுதியதை நம்பி நீ வேலையை விட்டாய், வீட்டையும் விடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். அதை அவனிடம் சொல்லவேண்டாம் என்று ஏன் எழுதினாய் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நான்தான் அவனை இங்கே கூட்டி வந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதினால் அவன் கேட்பான். எழுது தாயி.

ஜெபமணி

*

உத்தமபாளையம்
28.3.1987

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் மதினி கடிதமும் வந்தன. நான் சுகமாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போய் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று மதினி நினைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போன வருஷம் நடந்த ஒன்றை எழுதுகிறேன், படித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

தேவாரம் ரோட்டில் ஒரு லாரி கேஸ். அந்த லாரியில் கிளீனராக இருந்த தவசி என்கிற ஆள் எங்கள் கட்சிக்குச் சாட்சி. பிரேக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல், கேட்காவிட்டால் நீயாக எடுக்காதே என்று சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கேஸ் ஜெயித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். ஐயா இல்லை. என் மேஜைக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றார்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னதை நீங்கதான டைப் அடிச்சீக?"

"கோர்ட்டில் அடித்தது, காப்பி நான் எடுத்தேன்" என்றேன்.

"அதுல ஒரு வரி சேத்துக்கிர முடியுமா?"

முடியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு இன்னொரு தடவையும் வந்தார். அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன்.

அவ்வளவுதான். உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் உங்களுக்குச் சோறு போடாமல் இருக்கப்போவதில்லை.

சொர்ணலதா

*

சுவிட்சர்லாந்து
17.4.1987

அன்புள்ள சொர்ணம்,

இன்று பெரிய வெள்ளி. ஆராதனைக்குப் போய் வந்து எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனதில் பாரம் குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அசதியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. அன்று காலை அக்கா காபியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஏலே, சொர்ணம் வேலையை விட்டுட்டா, தெரியுமா? வீட்டைக் காலி பண்றேன்னு வீட்டுக்காரர்ட்டயும் சொல்லிட்டா. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எனக்கு எழுதியிருக்கா. நீ அங்கன வாயத் தொறந்தா, அவ எங்கன போயி நிப்பா?" என்றாள். காபியைக் குடிக்கமுடியவில்லை.

மொழிபெயர்க்க இலங்கைத் தமிழர் ஒருவர் நகரத்திலிருந்து வருவதாக இருந்தது. பாதையில் பனி சரிந்து ரயில் நின்றுவிட்டது. அதிகாரி யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற நர்ஸ் இருக்கிறாரே என்று அக்காவையே கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு, என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

மேஜையில் பிய்ந்துபோன பழைய பிளேட்டும் ஒரு புதிய பிளேட்டும் இருந்தன. "நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியவர். எது நல்லது?" என்று கேட்டார்கள். ப்ரூனோ தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ரெகுலாவின் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் தமிழில் சொன்னேன்.

"பழசு கெட்டதுன்னு சொல்ல முடியாதுங்கய்யா. அது வளையாது. வளையாததுதான் வேணும்னு கேக்குறவுகளுக்கு அதுதான் சரி. புதுசு வளைஞ்சு குடுக்கும், பழகாதவுகளுக்கு அது தேவலை. இதே மாதிரிப் பழசு இன்னும் எத்தனையோ பேரு கால்ல ஓடுது. ஒடைஞ்சது இந்த ஜோடி. இதுல கீறல் இருந்துச்சு. நான் பாத்துக் கழட்டி ஒதுக்கி வச்சேன். மொதலாளிகிட்டயும் காட்டுனேன். அந்தப் பொண்ணு பழசு கேட்டது தப்பில்ல. கீறின ஜோடியை அது கேக்கல."

அக்கா என் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஏலே, இதையா சொல்லச் சொல்ற?" என்றாள்.

"ஆமக்கா."

அதிகாரி என்ன பேச்சு என்று கேட்டார். சாட்சி சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டேன் என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். பிறகு முழுவதையும் சொன்னாள். எனக்கு அந்த அளவுக்கு ஜெர்மன் புரியும் சொர்ணம். ஒரு வார்த்தையை விடவில்லை, ஒரு வார்த்தையை மழுப்பவில்லை. அன்றைக்கு மாட்டிக் கொடுத்தது யார் என்று அடுத்து கேட்டார்கள். அதையும் சொன்னேன். அதையும் அவள் சொன்னாள்.

வெளியே வந்ததும் ப்ரூனோ, இந்த மாதத்தோடு நின்றுகொள் என்றார். திட்டவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது போல் இருந்தது.

மறுநாள் ரெகுலாவைப் பார்க்கப் போனேன். இவ்வளவு நாளும் போக மனது வரவில்லை. ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தாள். நான் சொன்னது அவளுக்குத் தெரியும். "நன்றி" என்றாள். பிறகு, "கீறல் இருந்தது ஒனக்கு முன்னாலயே தெரியும்" என்றாள்.

"தெரியும். தனியா எடுத்து வச்சேன்."

"எடுத்து வச்சதுக்கு, சுத்தியலால ஒரு அடி போட்டு ஒடைச்சிருக்கக்கூடாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை. கடைச் சாமானை உடைக்க எனக்கு என்ன உரிமை என்று அன்று நினைத்திருப்பேன். அதை அவளிடம் போய்ச் சொல்லமுடியுமா?

மே கடைசியில் கிளம்பவேண்டும். அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டை எடுத்து மூடி வைக்கிறாள்.

உன் வேலை போனது தெரிந்தும்தான் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
பொன்னுராஜ்

*

சின்னமனூர்
2.5.1987

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறவேண்டாம். சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் கடிதம் உத்தமபாளையத்துக்குப் போய், ராவுத்தரே பஸ் ஏறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். "உன் வீட்டுக்காரர் எழுத்தும்மா, கையில வச்சிருக்கக் கூடாது" என்றார். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் பேசியாகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, நான்தான் முதலில் சொன்னேன்.

சங்கரலிங்கம் ஐயாவிடம் திரும்பப் போய்க் கேட்டேன். என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நன்றாகவே அடிக்கிறாள். அவளை எழுப்பச் சொல்லி நான் எப்படிக் கேட்பது? இங்கே சண்முகத்தாய் அம்மா டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறார்கள். காலையிலும் மாலையிலும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பின்பக்கம் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மறைப்பும் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிறது. இரண்டு பேருக்கு இடம் நெருக்கம்தான், இருந்துகொள்ளலாம். ஸ்வெட்டரை மேகமலை எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அளவாக இருந்தது.

மதினிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர்கள் சொன்னபடி நான் எழுதவில்லை என்று வருத்தம் இருக்கும். ஆனாலும் அந்த அறையில் உங்கள் வார்த்தையை முழுசாகச் சொன்னது அவர்கள்தானே.

அந்தப் பெண் கேட்டதற்கு உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. நீங்கள் அதைச் சுமக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

இனி என் விஷயம். தெரிந்தும்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு மேல் அன்று என்னால் படிக்கமுடியவில்லை. வேலையை விட்டதை நான் மறைத்தது எதற்காக? தெரிந்தால் உங்களால் உண்மையைச் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பயந்துதான் மறைத்தேன். தெரிந்தும் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் நான் அவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லை. அதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. கோபமும் இருக்கிறது அத்தான். நிறையவே இருக்கிறது. நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் இருக்கிறது.

ஆனால் அதை இதில் எழுதப்போவதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பாதி, காகிதத்திலேயே போய்விட்டது. ஒரு கோபம் எழுதினால் அது உங்களிடம் வந்து சேர இரண்டு வாரம், பதில் வர இன்னும் இரண்டு வாரம், அதுவரைக்கும் நீங்கள் அங்கே சாப்பிடாமல் கிடப்பீர்களே என்று நினைத்து, எழுதியதைக் கிழித்துவிட்டு, மழை பெய்கிறது, ஓடு ஒழுகுகிறது என்று எழுதி எழுதி நான் ஓய்ந்துவிட்டேன். நாம் இன்னும் ஒழுங்காக ஒரு சண்டைகூடப் போட்டதில்லை.

மதுரையில் கம்பம் பஸ் ஏறிச் சின்னமனூரில் இறங்குங்கள். என்றைக்கு என்று தந்தி கொடுங்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அங்கேயே ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படவேண்டாம். வீட்டுக்கு வந்து, குளித்து, நீங்கள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான்.

சொர்ணலதா